முதுகுப் பருவுக்குக் காரணமான ஈஸ்ட்டுக்கு ‘சென்சிடிவிட்டி’ பார்க்க முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 22 வயது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. முகப்பருவுக்காகச் சில மாதம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். முகம் தேறிவிட்டது. ஆனால் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு, பொரிப்பொரியாகப் பருக்கள் கிளம்பிவிட்டன. கழுத்தில் தேமலும் இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு அசித்ரோமைசின் வாங்கிப் போட்டதில் இன்னும் கூடிப்போச்சு. அப்புறம் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு “இது பாக்டீரியா இல்லை, தோலில் இருக்கிற ஈஸ்ட்” என்று சொல்லியிருக்கிறார். உடனே இவர்கள் ஒரு லேபுக்குப் போய் ஸ்வாப் கொடுத்து ‘கல்ச்சர் சென்சிடிவிட்டி’ (கிருமியை வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது) எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது என்றும், வரிசையாக ஆண்டிபயாட்டிக் பெயர்களும், எதிரே கேட்கும், கேட்காது என்ற குறிகளும் இருக்கின்றன. ஈஸ்ட் பற்றி ஒரு வரி கூட இல்லை. “அந்த ஈஸ்ட்டுக்கு எந்த ஆண்டிபயாட்டிக் கேட்கும் என்று எங்கேயாவது டெஸ்ட் செய்ய முடியுமா? வேலூருக்கு வந்தால் செய்வார்களா?” என்பதுதான் கேள்வி.

வேலூரில் நுண்ணுயிரியல் லேபில், அதிலும் பூஞ்சை மேசையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலசீசியா என்ற இந்த ஈஸ்ட்டுக்கு டெஸ்ட் செய்ய முடியும். ஆனால் சாதாரண லேப் எதிலும் அது நடக்காது. பூஞ்சை ஆராய்ச்சி நடக்கிற இடங்களில்தான் நடக்கும். அப்படியே செய்து ஒரு எண் கையில் வந்தாலும், உங்கள் தம்பிக்கு எந்த மருந்து என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய இன்றைக்கு வழி இல்லை. அவருக்கு உடனே வேண்டியது சென்சிடிவிட்டி இல்லை, மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு ஸ்லைடு. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் கையில் இருக்கிற ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்கலாம். அந்த லேப் பொய் எழுதவில்லை. தோல் மேல் பஞ்சைத் தேய்த்து, பாக்டீரியா வளர்க்கும் கூழ்களான இரத்த அகாரிலும் மெக்கான்கி அகாரிலும் தடவி, 37 டிகிரியில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். ஆரோக்கியமான ஆளின் முதுகில் தேய்த்து அப்படி வைத்தாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளரும். அது நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிற பாக்டீரியா. வளர்ந்ததை எடுத்து முல்லர் ஹின்டன் அகாரில் பரப்பி, மேலே ஆண்டிபயாட்டிக் வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் விழுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் முழுக்க அந்த பாக்டீரியாவைப் பற்றியது. பருவுக்குக் காரணமான உயிர் அந்த அகாரில் வளரவே வளராது. வளராததைப் பற்றி ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவார்கள்? எனக்கு வருத்தமெல்லாம், இந்த மாதிரி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு “இதுதான் கேட்குமாம்” என்று இன்னொரு ஆண்டிபயாட்டிக்கை ஆரம்பித்துவிடுகிறார்களே என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஈஸ்ட் என்பது பூஞ்சை வகை. அதன் உயிரணு அமைப்பு பாக்டீரியாவைப் போன்றது இல்லை, நம்முடையதைப் போன்றது. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் பாக்டீரியாவின் புரதம் செய்யும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கின்றன. 70எஸ் என்று சொல்லப்படும் ரைபோசோம் அது. ஈஸ்ட்டுக்கு இருப்பது நமக்கிருப்பது போல 80எஸ். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன; அந்தச் சுவர்ப் பொருளே ஈஸ்ட்டில் கிடையாது. ஆகவே இந்த மாத்திரைகள் ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. அதோடு போனாலும் பரவாயில்லை. தோலிலும் மயிர்க்கால்களிலும் ஈஸ்ட்டோடு இடத்துக்குப் போட்டி போடுகிற பாக்டீரியாக்களை அவை குறைத்துவிடுகின்றன. இடம் காலியானதும் ஈஸ்ட் பெருகுகிறது. முகப்பருவுக்கு நீண்ட நாள் ஆண்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு மார்பிலும் முதுகிலும் இப்படிப் பரு கிளம்புவது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. உங்கள் தம்பிக்கு அசித்ரோமைசினில் கூடியதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேபில் இந்த ஈஸ்ட்டை வளர்க்கும்போது பாக்டீரியா வந்து கெடுக்காமல் இருக்க, ஊடகத்திலேயே குளோராம்ஃபெனிகால் என்ற ஆண்டிபயாட்டிக்கைக் கலக்கிறோம். ஸ்ட்ரெப்டோமைசெஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வரும் சைக்ளோஹெக்ஸிமைடையும் சேர்ப்பதுண்டு. அது பல பூஞ்சைகளையே அடக்கிவிடும். இந்த ஈஸ்ட் அதையும் தாங்கிக்கொண்டு வளர்கிறது. பூஞ்சைக்கென்றே உள்ள ஆண்டிபயாட்டிக் என்று பார்த்தால் நிஸ்டாட்டினும் ஆம்ஃபோடெரிசின் பி-யும் உண்டு. இரண்டுமே மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசெஸ் இனங்களிலிருந்து 1950-களில் கைக்கு வந்தவை. பூஞ்சையின் மேலுறையில் இருக்கிற எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்து ஓட்டை போடுகின்றன. மற்றபடி நமக்குப் பழக்கமான கீட்டோகோனசோல், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் எல்லாம் அசோல் என்ற குடும்பம்; ஆலையில் செயற்கையாகச் செய்யப்பட்டவை. அதே எர்கோஸ்டெராலைப் பூஞ்சை செய்யவிடாமல் தடுப்பவை.

சரி, யார் இந்த மலசீசியா? தேமல் ஒரு பூஞ்சையால் வருகிறது என்று 1846-லேயே ஐக்ஸ்டெட் என்ற ஜெர்மானியர் சொல்லிவிட்டார். 1874-ல் லூயி சார்ல் மலசே என்ற பிரெஞ்சுக்காரர் பொடுகுச் செதிலில் இதன் உருண்டை வடிவத்தைப் பார்த்து எழுதினார். 1889-ல் அவர் பெயரையே இந்த இனத்துக்கு வைத்தார்கள். இன்று ஏறத்தாழ 18 வகைகள் பிரித்தறியப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று நம் நாட்டில் கண்டுபிடித்தது. சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவ நிலையத்தார் 2016-ல் விவரித்த அந்த வகைக்கு, அங்கே பூஞ்சை நோய்களில் பேர்பெற்ற அருணலோக் சக்ரவர்த்தியின் பெயரால் மலசீசியா அருணலோகி என்று பெயர். தோலில் பொடுகு, தேமல், எண்ணெய்ப்பசைப் படை, மயிர்க்கால் பரு எல்லாவற்றிலும் இந்த இனத்துக்குக் கை உண்டு. அதே சமயம் பருவ வயதைத் தாண்டிய எல்லோருடைய தோலிலும், ஒரு தொந்தரவும் இல்லாமல், இது இருந்துகொண்டே இருக்கிறது. இதை மறக்கவே கூடாது.

இதன் விசித்திரம், தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாதது. 2007-ல் மலசீசியா குளோபோசாவின் மரபுத் தொகுதியைப் படித்தபோது, கொழுப்பு அமிலம் செய்கிற மரபணுவே அதில் இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் எண்ணெய்ப்பசை சுரக்கிற தலை, மார்பு, மேல்முதுகு, தோள் என்று பார்த்துக் குடியிருக்கிறது. லேபில் தலைவலி எல்லாமே இந்த ஒரு குணத்தில்தான் தொடங்குகிறது.

வளர்க்க வேண்டுமென்றால் எண்ணெய் கொடுக்க வேண்டும். எளிய வழி, பூஞ்சைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சபரோ அகாரின் மேல் கிருமி நீக்கிய ஆலிவ் எண்ணெயை மெல்லிய படலமாக ஊற்றுவது. அதில் எல்லா வகையும் வராது. நல்ல வழி, டிக்ஸன் அகாரும் லீமிங்-நாட்மேன் அகாரும். முதலாவதில் மால்ட் சாறு, மாட்டுப் பித்தத் தூள், ட்வீன் 40 (கொழுப்பு அமிலம் சேர்ந்த, சோப்பு போன்ற பொருள்), ஒலியிக் அமிலம் சேர்ந்த கிளிசரால். இரண்டாவதில் பித்தத்தோடு கொழுப்பு எடுக்காத பாலும் ட்வீன் 60-ம். இன்குபேட்டர் 37-ல் இருக்கக் கூடாது, 32 முதல் 34 டிகிரி. தட்டுகள் காய்ந்துவிடாமல் மூடி, ஈரத்தோடு, ஒரு வாரம், சில வகைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மலசீசியா ரெஸ்ட்ரிக்டா மிகவும் சோம்பேறி. வளர்ந்த பிறகும் நிம்மதி கிடையாது. மற்ற ஈஸ்ட்டைப் போலக் குளிர்பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த மாதம் எடுக்கலாம் என்று இருந்தால் செத்துப்போயிருக்கும். அடிக்கடி புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது மைனஸ் 80-ல் உறைய வைக்க வேண்டும். ஒரு சாதாரண தனியார் லேப் இதற்கெல்லாம் எங்கே போகும்? நாயின் காதில் வாழ்கிற மலசீசியா பாக்கிடெர்மாடிஸ் மட்டும் எண்ணெய் ஊற்றாத சபரோ அகாரிலும் வளரும்.

இனி சென்சிடிவிட்டி. கேண்டிடா போன்ற வழக்கமான ஈஸ்ட்டுக்கு உலகம் ஒத்துக்கொண்ட முறைகள் இரண்டு. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் எம் 27 என்ற முறை ஒன்று, ஐரோப்பாவின் யூகாஸ்ட் முறை இன்னொன்று. இரண்டும் அடிப்படையில் ஒரே வேலைதான். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற தெளிவான திரவம், அமிலத்தன்மை பி.எச். 7-ல் நிறுத்தப்பட்டது. அதில் மருந்தை ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்: மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம், 8, 4, 2, 1 என்று 0.03 வரை. எல்லாக் குழியிலும் எண்ணி அளந்த ஈஸ்ட் போட வேண்டும். சி.எல்.எஸ்.ஐ. முறையில் மில்லிலிட்டருக்கு 500 முதல் 2,500 உயிரணு. யூகாஸ்டில் அதைவிட நூறு மடங்கு. 35 டிகிரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தால், மருந்து தூக்கலான குழிகள் தெளிவாகவும், குறைந்த குழிகள் கலங்கலாகவும் இருக்கும். வளர்ச்சியை அடக்கிய கடைசிக் குழியின் அளவுதான் எம்.ஐ.சி., அதாவது அடக்கும் குறைந்தபட்ச அளவு. ஆம்ஃபோடெரிசினுக்கு முழுத் தெளிவு வேண்டும். அசோல் மருந்துகளுக்கு, மருந்தே போடாத குழியோடு ஒப்பிட்டுப் பாதி குறைந்திருந்தால் போதும். வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கக் கூடவே கேண்டிடா பாராப்சிலோசிஸ், கேண்டிடா குருசே என்ற இரண்டு தெரிந்த ஈஸ்ட்டுகளையும் ஓட்டுவார்கள். அவற்றின் எண் எதற்குள் வர வேண்டும் என்று அட்டவணை உண்டு.

இதே தட்டில் மலசீசியாவைப் போட்டால் மருந்தே இல்லாத குழியிலும் வளராது. ஆர்.பி.எம்.ஐ.யில் கொழுப்பு இல்லையே. அதை மட்டும் பார்க்கிறவர் “எல்லா மருந்தும் கேட்கிறது” என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. மருந்தில்லாத குழி நன்றாக வளர்ந்ததா என்று முதலில் பார்க்காத சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. வைடெக் போன்ற தானியங்கிக் கருவிகளின் அட்டைகளும் இந்த ஈஸ்ட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அப்போ திரவத்தில் எண்ணெய் சேர்த்தால் ஆச்சு இல்லையா? ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ட்வீன், பித்தம், கிளிசரால் மோனோஸ்டியரேட் என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு கலவை. சிக்கல் அங்கேதான் முற்றுகிறது. எண்ணெய் சேர்த்த திரவம் தொடக்கத்திலேயே கலங்கல். வளர்ச்சியால் கலங்கியதா எண்ணெயால் கலங்கியதா என்று கண்ணால் பிரிக்க முடியாது. இந்த ஈஸ்ட்டின் மேலே கொழுப்புப் பூச்சு இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாக நிற்கும். எண்ணி அளந்து போடுவது என்பது பெரும்பாடு. ஒரு குழியில் நூறும் பக்கத்துக் குழியில் ஆயிரமும் விழுந்தால் எண் தாறுமாறாகிவிடும். வளர்ச்சி மெதுவாக நடப்பதால் 24 மணி நேரத்தில் படிக்க முடியாது, 72 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் குழிகள் வற்றத் தொடங்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது மருந்துக்கும் எண்ணெய்க்கும் நடக்கிற சமாச்சாரம். கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் இரண்டும் தண்ணீரில் கரைய மறுப்பவை, கொழுப்பைத் தேடிப் போகிறவை. திரவத்தில் நாம் ஈஸ்ட்டுக்காகப் போட்ட எண்ணெயிலேயே மருந்து போய் ஒளிந்துகொண்டால் ஈஸ்ட்டுக்குக் கிடைப்பது குறைவு, எம்.ஐ.சி. கூடுதலாகத் தெரியும். ட்வீன் கொஞ்சம் கூடினால் ஒரு எண், குறைந்தால் ஒரு எண். ஒரே ஈஸ்ட்டுக்கு இரண்டு லேபில் ஃப்ளூகோனசோலின் அளவு பல மடங்கு வித்தியாசமாக வருவதற்கு யாருடைய அலட்சியமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஊடகமே காரணமாக இருக்கலாம்.

கண்ணால் படிக்கும் சிக்கலுக்கு மட்டும் அழகான தீர்வுகள் வந்திருக்கின்றன. மலசீசியா யூரியாவை உடைக்கக்கூடியது. அதனால் கிறிஸ்டென்சனின் யூரியாத் திரவத்தில் ட்வீன் சேர்த்துச் சோதனை செய்தால், ஈஸ்ட் வளர்கிற குழி இளஞ்சிவப்பாகிவிடும். மருந்து அடக்கிய குழி நிறம் மாறாது. ரெசசூரின் என்ற சாயத்தை வைத்தும் இதே வேலையைச் செய்யலாம். உயிருள்ள ஈஸ்ட் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். வில்லை முறையும், மருந்து ஏற்றிய பட்டை முறையும் டிக்ஸன் அகாரில் முயற்சி செய்யப்பட்டவைதான். ஆனால் எண்ணெய்ப்பசையுள்ள அகாரில் மருந்து சீராகப் பரவுவதில்லை என்பதால் வட்டத்தின் அளவை நம்ப எனக்குத் தயக்கம் உண்டு.

இத்தனையும் தாண்டி ஒரு எண் வந்துவிட்டது என்று வையுங்கள். ஃப்ளூகோனசோல் 8 மைக்ரோகிராம். இது கேட்குமா, கேட்காதா? கேண்டிடாவுக்கு என்றால் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எத்தனை வரை கேட்கும், எதற்கு மேல் கேட்காது என்ற எல்லைக்கோடுகள், நிறைய நோயாளிகளின் அனுபவத்தை வைத்துப் போடப்பட்டவை. மலசீசியாவுக்கு அந்த எல்லைக்கோடு சி.எல்.எஸ்.ஐ.யிடமும் இல்லை, யூகாஸ்டிடமும் இல்லை. ஒரு லேப் மலசீசியாவுக்குக் ‘கேட்கும்’ ‘கேட்காது’ என்று எழுதிக் கொடுத்தால், எந்த எல்லைக்கோட்டை வைத்து எழுதினீர்கள் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இதையெல்லாம் சொன்னதால் அந்த ஆய்வுகள் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் பல ஊரில் செய்ததைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு படம் தெளிவாகக் கிடைக்கிறது. கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், போசகோனசோல் மிகக் குறைந்த அளவிலேயே அடக்குகின்றன. ஃப்ளூகோனசோலுக்கு அதைவிட அதிக அளவு தேவைப்படுகிறது, வகைக்கு வகை வித்தியாசமும் பெரிது. டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு எண் சிதறலாக வரும். மற்ற பூஞ்சை மருந்துகளான காஸ்போஃபங்கின் குடும்பமும் ஃப்ளூசைட்டோசினும் இந்த ஈஸ்ட்டிடம் எடுபடுவதே இல்லை. நாயிடமிருந்து எடுத்த பாக்கிடெர்மாடிஸ் சிலவற்றில், எர்கோஸ்டெரால் செய்கிற மரபணு மாறிப்போய் அசோல்களை எதிர்த்து நிற்பது உறுதியாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. உங்கள் டாக்டர் எதை எழுதுவது என்று யோசிக்கும்போது கைகொடுப்பது இந்தப் பொதுப்படம்தான்.

தட்டில் வரும் எண்ணுக்கும் தோலில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு 2 சதவீதம். அதாவது 100 கிராமில் 2 கிராம். ஒரு கிராமில் 20,000 மைக்ரோகிராம். ஒருவருடைய ஈஸ்ட்டின் எம்.ஐ.சி. 0.06 ஆக இருந்தாலும் சரி, பதினாறு மடங்கு கூடி 1 ஆக இருந்தாலும் சரி, மேலே பூசுகிற மருந்து அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். பிறகு ஏன் கேட்கவில்லை? நுரைத்த உடனே கழுவிவிட்டால் கேட்காது. ஐந்து பத்து நிமிடம் ஊற வேண்டும். தேமல் தெரிகிற இடத்தில் மட்டும் தடவினால் பக்கத்தில் தெரியாமல் இருப்பது மிச்சமாகிவிடும். மயிர்க்காலின் ஆழத்தில் இருக்கிற ஈஸ்ட்டுக்கு மேலே பூசியது போய்ச் சேராது. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது போன்ற பருவுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படுவது அதனால்தான். மாத்திரையிலும் பாருங்கள், ஃப்ளூகோனசோல் வியர்வை வழியாகவும் இட்ராகோனசோல் தோல் எண்ணெய் வழியாகவும் மேல்தோலுக்கு வந்து சேர்கின்றன. டெர்பினஃபின் க்ரீமாகப் பூசினால் தேமலுக்குக் கேட்கும், மாத்திரையாக விழுங்கினால் கேட்காது. ஒரே மருந்து, ஒரே ஈஸ்ட். எந்த எம்.ஐ.சி.யும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்காது. மாத்திரை எது, எத்தனை நாள் என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இட்ராகோனசோல் பல மருந்துகளோடு மோதும், கீட்டோகோனசோல் மாத்திரையை ஈரல் பாதிப்பு காரணமாக 2013-லேயே ஐரோப்பாவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கடையில் கேட்டு வாங்குவது வேண்டாம்.

இந்த டெஸ்ட் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பெரிய இரத்தக்குழாயில் குழாய் போட்டு, கொழுப்புத் திரவத்தை இரத்தத்தில் ஏற்றுவார்கள். எண்ணெய் தேடி அலைகிற ஈஸ்ட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? தோலிலிருந்து குழாய் வழியாக இரத்தத்துக்குள் போய்விடும். 1981-ல் இப்படி ஒரு பச்சிளம் குழந்தையைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். அமெரிக்காவில் பச்சிளம் குழந்தைகள் பிரிவு ஒன்றில் பரவிய பாக்கிடெர்மாடிஸ், ஊழியர்கள் வீட்டு நாய்களிடமிருந்து அவர்கள் கை வழியாக வந்திருக்கக்கூடும் என்று தடம் பிடித்து 1998-ல் எழுதினார்கள். அங்கே குழாயை எடுப்பது, கொழுப்பை நிறுத்துவது, ஆம்ஃபோடெரிசினோ அசோலோ கொடுப்பது என்று ஒவ்வொரு முடிவும் உயிர் சம்பந்தப்பட்டது. எல்லைக்கோடு இல்லாவிட்டாலும், மருந்து கொடுத்தும் இரத்தத்தில் ஈஸ்ட் வந்துகொண்டே இருந்தால், அந்த ஈஸ்ட்டை ஆராய்ச்சி லேபுக்கு அனுப்பி அளவு பார்க்க வேண்டும். அதற்கு இந்த முறைகள் ஒழுங்குபட வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். அவருக்கு வேண்டியது கே.ஓ.எச். ஸ்லைடு. தேமல் மேல் மழுங்கிய கத்தியால் இலேசாகச் சுரண்டினால் மாவு போலச் செதில் உதிரும். அதை ஸ்லைடில் வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, கொஞ்சம் நீல மை, மேலே கண்ணாடிச் சில்லு. சிறிது நேரத்தில் தோல் செல்கள் கரைந்து ஈஸ்ட் மட்டும் தெரியும். தேமலில் வளைந்த குட்டை இழைகளும் உருண்டைகளும் கலந்து, சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம் மாதிரி இருக்கும். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது. பருவுக்கு அப்படி மேலே சுரண்டினால் போதாது. ஒரு பருவைக் குத்தி, உள்ளே இருக்கிற வெண்மையை எடுத்து ஸ்லைடில் வைக்க வேண்டும். அங்கே இழை அனேகமாக இருக்காது. ஒரு முனையில் மொட்டு விட்ட உருண்டைகள் கும்பலாக இருக்கும். எல்லோர் தோலிலும் உள்ள ஈஸ்ட் என்பதால் கல்ச்சரில் வளர்ந்தது என்பது எதையும் நிரூபிக்காது. மயிர்க்காலுக்குள் இத்தனை கும்பலாக இருக்கிறது என்பதுதான் நிரூபிக்கும். அன்றைக்கே பதில் கிடைக்கிற, செலவு குறைந்த டெஸ்ட் இது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ சி.எம்.சி.யின் தோல் பிரிவிலோ காட்டி, “பருவிலிருந்தும் தேமலிலிருந்தும் கே.ஓ.எச். பார்க்க முடியுமா” என்று கேளுங்கள்.

கழுத்தில் உள்ள வெளிறிய தேமலைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் தொழுநோயோ என்று பயந்திருந்தால், அந்தப் பயத்தையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே மருத்துவமனை நடக்கிற மாவட்டம் இது. வெள்ளைத் திட்டு என்றாலே நம் ஊரில் அந்த நினைப்பு வந்துவிடும். தேமலில் தொடு உணர்ச்சி போகாது, சுரண்டினால் செதில் உதிரும். உணர்ச்சி மரத்த திட்டு என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் வருகிறது. மருந்து முடிந்து ஒரு மாதமாகியும் வெள்ளை மறையவில்லை, ஆகவே மருந்து கேட்கவில்லை, சென்சிடிவிட்டி பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஏராளம். இந்த ஈஸ்ட் வெளிவிடுகிற பொருள்கள் தோலின் நிறமி செய்யும் வேலையை முடக்குகின்றன. ஈஸ்ட் செத்தாலும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். செதில் உதிரவில்லை என்றால் பெரும்பாலும் ஈஸ்ட் போய்விட்டது, வெள்ளை மட்டும்தான் மிச்சம். வெயில் காலத்தில் மறுபடி வருவதும் மருந்து எதிர்ப்பால் அல்ல. அது நம் தோலிலேயே குடியிருப்பது. வியர்வையும் புழுக்கமும் கூடினால் தலையெடுக்கும். நம் நாட்டில் இப்போது மருந்துக்கு எதிர்த்து நிற்பது படர்தாமரைப் பூஞ்சைதான், டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர், டெர்பினஃபினையே மதிப்பதில்லை. அதற்குச் சென்சிடிவிட்டி கேட்டால் நியாயம் உண்டு. தேமலையும் அதையும் ஒன்றாக நினைத்து ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசிவிடக் கூடாது, இரண்டுமே மோசமாகும்.

ஆம்பூரில் ஷெட்டுக்குள் வேலை, சித்திரை வெயில், உடம்போடு ஒட்டுகிற பாலியஸ்டர் பனியன் என்றால் வேலை முடிந்ததும் குளித்துப் பருத்திச் சட்டைக்கு மாறச் சொல்லுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தால், சிகிச்சை முடிகிற வரை மார்பிலும் முதுகிலும் எண்ணெய் தேய்க்க வேண்டாம். லேபில் இதை வளர்க்க நாங்கள் ஊற்றுவதே எண்ணெய்தான். தோல் பிரிவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். டாக்ஸிசைக்ளின் எந்த மாதம் தொடங்கியது, முதுகில் பரு எப்போது கிளம்பியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கு அதுவே பாதி பதில். இப்போது ஏதாவது பூஞ்சை க்ரீமோ ஷாம்புவோ போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். முந்தின நாள் வரை மருந்து பூசிய தோலில் எடுத்த ஸ்லைடில் ஈஸ்ட் தெரியாமல் போகலாம், அப்படியானால் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள்.